பனி தள்ளும் தகட்டை லேண்ட்மாஸ்டருக்குப் பூட்டினால் வெள்ள வண்டலைத் தள்ளுமா?

படுவான்கரைப் பிள்ளை (வவுணதீவு)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கடப்படியிலிருந்து பெரிய வீதி வரை செல்லும் ஒழுங்கை ஏறத்தாழ 100 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் உடையது. வீதிப் பக்கத்துப் பாதி கொங்கிறீற்று, வளவுப் பக்கத்துப் பாதி கிறவல். இம்மாரியில் வெள்ளம் வடிந்த பின்னர் அதன்மேல் வண்டல் படிந்து கிடக்கிறது. பல இடங்களில் குச்சி குத்தி அளந்து பார்த்தேன். சராசரியாக 10 சென்ரிமீற்றர் வருகிறது. ஐந்து பேர் மண்வெட்டியோடு ஒரு பகல் முழுவதும் நின்றும் 15 மீற்றருக்கு மேல் போக முடியவில்லை. பெக்கோ (மண் அள்ளும் பெரிய இயந்திரம்) பிடிக்கலாம் என்றால், இடையில் உள்ள பழைய மதகு அதன் பாரத்தைத் தாங்காது.

நேற்றுக் கனடாவில் இருக்கும் மச்சான் ஒரு காணொளி அனுப்பியிருந்தார். சிறிய தோட்ட டிராக்டர் ஒன்றின் முன்னால் இரும்புத் தகடு பூட்டி, முழங்காலளவு பனி கிடந்த பாதையைப் பத்து நிமிடத்தில் வெளியாக்கிவிட்டார். எங்களிடம் லேண்ட்மாஸ்டர், அதாவது பின்னால் நடந்து ஓட்டும் இருசில்லு டிராக்டர், இருக்கிறது. அதன் மூக்கில் அப்படியொரு தகட்டைப் பூட்டி வண்டலைத் தள்ளலாமா? யாராவது செய்து பார்த்திருந்தால் விபரமாக எழுதுங்கள். வெயில் எறிக்கத் தொடங்கிவிட்டது; இன்னும் நாலைந்து நாளில் இது கல்லாகிவிடும்.

இரும்புப்பட்டறை (சம்மாந்துறை)

தகடு வெட்டி ஒட்டித் தருவது எனக்கு ஒரு நாள் வேலை. ஆனால் கேட்டவுடன் ஒட்டிக் கொடுத்துவிட்டு, மறுநாள் கியர்ப்பெட்டி உடைந்து வரும் வண்டியைப் பார்த்துக் கவலைப்பட எனக்கு விருப்பமில்லை. பனி தள்ளிப் பழகியவர் ஒருவர் முதலில் எழுதட்டும்.

வடபனியான் (ஒன்ராறியோ)

தம்பி, நான் களுவாஞ்சிக்குடியில் பிறந்தவன். ஸ்காபரோவில் 12 ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது பாரி நகருக்கு வடக்கே ஒரு நாட்டுப்புற வீட்டில் இருக்கிறேன். குளிர்காற்று ஜோர்ஜியன் விரிகுடாவைக் கடக்கும்போது அதன் ஈரத்தை அள்ளிவந்து எங்கள் பக்கத்தில் கொட்டுவதால், ரொறன்ரோவில் மெல்லிய தூவலாக விழும் நாளிலும் இங்கே வாசற்படி தெரியாமல் மூடிவிடும். எனவே இந்த வேலையில் எனக்குப் பழக்கம் உண்டு.

மச்சானின் காணொளி பொய்யில்லை. ஆனால் அது ஒரு நீண்ட இரவின் கடைசிப் பத்து நிமிடம். முழங்காலளவு பனியை எந்தத் தோட்ட டிராக்டரும் ஒரே மூச்சில் தள்ளாது. 10 சென்ரிமீற்றர் விழும் ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய்த் தள்ளியவருக்குத்தான் விடியற்காலையில் அந்தப் பத்து நிமிடம் கிடைக்கும். காணொளியில் பின்சில்லுகளைக் கூர்ந்து பாருங்கள், சங்கிலி சுற்றியிருக்கும். சில்லின் உட்புறத்தில் இரும்புப் பாரங்கள் இருக்கும், அல்லது ரயருக்குள் உறையாத கல்சியம் குளோரைட்டுக் கரைசல் நிரப்பியிருப்பார்கள். இவை இல்லாவிட்டால் தகடு பனியைத் தள்ளாது, பனிதான் டிராக்டரைப் பின்னால் தள்ளும்.

இங்கே புதிதாக வருபவர்கள் விடும் பிழை ஒன்று உண்டு. புல்வெட்டும் சிறு டிராக்டரும் தோட்ட டிராக்டரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முன்னையது வெறுமனே தன் பாரத்தையும் புல்வெட்டும் தட்டையும் சுமந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. பின்னையதன் சட்டம் தடித்தது. பின்னச்சும் கியர்ப்பெட்டியும் நிலத்தில் கலப்பை இழுக்கும் பாரத்துக்கு ஏற்றவை. விலை மலிவென்று முன்னையதை வாங்கித் தகடு பூட்டியவர்கள், இரண்டாவது மாரியிலேயே பின்னச்சைக் கழற்றி வைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டிருக்கிறேன். எனவே ‘சிறிய டிராக்டர்’ என்ற சொல்லை நம்பி உங்கள் வண்டியோடு ஒப்பிட வேண்டாம்.

இனி நிறையைப் பாருங்கள். ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். பஞ்சுபோல விழுந்த புதுப்பனி ஒரு கியூப், அதாவது 100 கன அடி, ஏறத்தாழ 300 கிலோதான் வரும். மழையோடு கலந்து விழும் ஈரப்பனியாயின் அதே கியூப் 1 தொன்னை எட்டும். அந்த நாட்களில்தான் இங்கே சவளால் அள்ளப்போன வயதானவர்கள் மாரடைப்பால் விழுகிறார்கள். ஈர வண்டல் ஒரு கியூப் ஏறத்தாழ 5 தொன். உங்கள் ஒழுங்கையில் கிடப்பது 30 கன மீற்றர், அதாவது 10 கியூபுக்குச் சற்று மேல். பனியாக இருந்தால் 3 தொன்னோடு முடிந்திருக்கும். வண்டல் என்பதால் 50 தொன் கிடக்கிறது.

படுவான்கரைப் பிள்ளை (வவுணதீவு)

50 தொன் என்று எழுதியதைப் பார்த்ததும் என் தகப்பனாருக்குக் காட்டினேன். அவர் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுத் தேநீர் கேட்டார். அண்ணன், அந்தப் பனியை வீசியெறியும் இயந்திரம் என்று ஒன்று உண்டல்லவா? தள்ளுவதற்குப் பதிலாக வண்டலை அப்படி வீசினால் என்ன?

வடபனியான் (ஒன்ராறியோ)

முடியாது, தம்பி. அந்த இயந்திரம் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முன்னால் உள்ள திருகு பனியை வெட்டி நடுவுக்கு இழுக்கும். அதன் பின்னால் வேகமாகச் சுழலும் விசிறி அதைக் குழாய் வழியாகத் தூர எறியும். உலர்ந்த பனியைத் தொலைவுக்கு எறியும் அதே இயந்திரம், உருகத் தொடங்கிய நீர்ப்பனியில் குழாய் அடைத்து நின்றுவிடும். பனிக்கே இந்தக் கதி என்றால் உங்கள் களிமண் கலந்த வண்டல் விசிறியோடு ஒட்டி உட்கார்ந்துவிடும். அதற்குள் ஒரு கல் அகப்பட்டால் துப்பாக்கிக் குண்டுபோலப் பறக்கும். திருகின் அச்சில் வேண்டுமென்றே மெல்லிய ஆணி ஒன்று வைத்திருப்பார்கள். கல்லோ கட்டையோ சிக்கினால் அந்த ஆணி முறிந்து கியர்ப்பெட்டியைக் காப்பாற்றும். உங்கள் ஒழுங்கையில் மீற்றருக்கு ஓர் ஆணி வீதம் முறியும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அடைத்த குழாய்க்குள் கையை விட்டு விரல்களை இழந்தவர்கள் ஒவ்வொரு மாரியிலும் இங்கே இருக்கிறார்கள். இயந்திரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே முறுக்கம் மிச்சமிருந்து, அடைப்பு விலகிய கணத்தில் விசிறி ஒரு தடவை சுழலும். உங்கள் சுழல் கலப்பையில் நைலோன் கயிறும் ஆற்றுவாழை என்ற நீர்க்களையும் சுற்றிக்கொள்ளும்போதும் இதே கவனம் வேண்டும். இயந்திரத்தை நிறுத்துங்கள், கையால் இழுக்காமல் கத்தியைத் தடியில் கட்டி வெட்டுங்கள்.

இரும்புப்பட்டறை (சம்மாந்துறை)

இப்போது நான் எழுதலாம். லேண்ட்மாஸ்டரின் மூக்கில் தகடு பூட்டுவதை நான் ஏற்கவில்லை, காரணங்கள் இரண்டு.

முதலாவது, தள்ளும் விசை எங்கே போய்ச் சேர்கிறது என்பது. தோட்ட டிராக்டரில் தகடு முன்னால் தெரிந்தாலும், நல்ல தயாரிப்புகளில் அதைத் தாங்கும் சட்டம் வண்டியின் வயிற்றுக்குக் கீழாகப் பின்னோக்கி வந்து கனமான சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். நம் ஆட்கள் செய்வது, இஞ்சினுக்கு முன்னால் உள்ள தாங்கியில் நான்கு துளை போட்டுத் தகட்டைத் தொங்கவிடுவது. மதகின் விளிம்பில் அது ஒரு தடவை முட்டினால், இஞ்சினைப் பிடித்திருக்கும் ஆணிகள் அவ்வளவையும் வாங்கிக்கொள்ளும். கனடாத் தகடுகளில் வில்லுக் கம்பிகள் உண்டு. தடை வந்தால் தகட்டின் அடி பின்வாங்கி, தலை முன்னால் கவிழ்ந்து, கடந்தபின் நிமிர்ந்துகொள்ளும். அந்த வில் இல்லாமல் செய்யும் தகடு வெறும் சம்மட்டி.

இரண்டாவது, திருப்பும் முறை. நம் வண்டியில் வலக்கைப் பிடியை அழுத்தினால் வலச்சில்லுக்குப் போகும் விசை விடுபட்டு வண்டி வலப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் அப்படியே தலைகீழ்; இஞ்சின் பிடித்துவைத்திருக்கும் சில்லைவிட விடுபட்ட சில்லு வேகமாக உருளும், வண்டி எதிர்ப்பக்கம் பாயும். ஓட்டிப் பழகியவருக்கு இது தெரியும். ஆனால் முன்னால் 200 கிலோ சேறு ஒரு பக்கமாக அழுத்தும்போது, வழுக்கும் நிலத்தில் பின்னால் நடந்துவரும் மனிதன் அதைக் கணக்குப் பார்த்துப் பிடியை அழுத்துவான் என்று நான் நம்பவில்லை. ஐரோப்பாவில் பீசிஎஸ் போன்ற இருசில்லு இயந்திரங்களுக்குப் பனித்தகடு பூட்டுகிறார்கள் என்பது உண்மைதான். அவற்றின் கைப்பிடியை 180 பாகை திருப்பி வைக்கலாம். கருவி பூட்டும் பக்கமே முன்பக்கமாகிவிடும். நம் வண்டி அப்படிச் செய்யப்பட்டதல்ல.

பழைய வட்டை விதானை (மண்டூர்)

பிள்ளைகள் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்வந்துவிட்டீர்கள். நம் வயலுக்கு மட்டும் வரவில்லை. விதைப்புக்கு முன் சேற்றை எப்படிச் சமப்படுத்துகிறோம்? முன்னால் நின்று தள்ளுகிறோமா? பலகையைப் பின்னால் கட்டி இழுக்கிறோம். மேட்டில் உள்ள சேறு பலகையோடு வந்து பள்ளத்தில் இறங்குகிறது. அதே பலகைக்கு இரும்பு விளிம்பு வைத்து ஒழுங்கையில் இழுத்தால் வேலை முடிந்தது. இழுக்கும்போது பாரம் வண்டியின் பின்பக்கத்தைக் கீழே அழுத்தும், சில்லும் பிடிக்கும்.

ஒரு கண்டிப்பு. பலகையின் மேல் ஆள் ஏறி நிற்பது வயலோடு இருக்கட்டும். கொங்கிறீற்றில் அது துள்ளும்.

வடபனியான் (ஒன்ராறியோ)

விதானை ஐயா சொல்வது முழுவதும் சரி. நானே இதை எழுதியிருக்க வேண்டும். இங்கேயும் வீட்டுச் சுவர், கராஜ் கதவு ஆகியவற்றின் அருகே யாரும் தள்ளுவதில்லை. தகட்டை அதன் அருகில் இறக்கிப் பின்னோக்கி இழுத்துவிட்டு, வெளியான இடத்துக்கு வந்தபின்தான் திரும்பித் தள்ளுவார்கள். பின்னால் பூட்டும் தகட்டை மட்டுமே வைத்துச் சமாளிப்பவர்களும் பலர் உண்டு. அவர்களுக்குக் கழுத்துத்தான் வலிக்கும்.

தம்பியின் ஒழுங்கை பாதி கிறவல் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். கிறவல் பாதையில் தகடு நிலத்தைத் தொடக் கூடாது. தகட்டின் இரு முனைகளிலும் பாதம்போன்ற இரும்புத் துண்டு ஒன்று இருக்கும். அதன் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கிறவலில் பாதத்தை இறக்கித் தகட்டை 2 சென்ரிமீற்றர் உயர்த்தி வைத்து, அந்த அளவு பனியை விட்டுவிட்டுத்தான் தள்ளுகிறோம். அப்படிச் செய்யாதவன் பனியுருகும் காலத்தில் தன் பாதைக் கல்லையெல்லாம் புற்றரையில் பொறுக்கிக்கொண்டிருப்பான். வண்டலைச் சுத்தமாக எடுக்கிறேன் என்று நீங்கள் கிறவலையும் சேர்த்து அள்ளினால் அடுத்த மாரியில் ஒழுங்கையே வாய்க்காலாகிவிடும்.

படுவான்கரைப் பிள்ளை (வவுணதீவு)

அப்படியானால் பின்னால் இழுக்கும் தகடு, இரு முனையிலும் பாதம். சில்லுக்கு என்ன செய்வது? வயலுக்குப் பூட்டும் இரும்புச் சில்லு இருக்கிறது; கனடாச் சங்கிலிக்குப் பதிலாக அதைப் போடலாமா?

இரும்புப்பட்டறை (சம்மாந்துறை)

இரும்புச் சில்லோடு கொங்கிறீற்றில் ஏறினால் வீதியும் போகும், சில்லும் போகும். ரயரே போதும். காற்றைச் சற்றுக் குறைத்து, சில்லின் நடுவில் பாரம் கட்டுங்கள். தகட்டின் அடியில் பழைய லொறி ரயரின் பட்டையை வெட்டி இரண்டு விரற்கடை வெளியே நீட்டி முறுக்கிவிட்டால், கொங்கிறீற்றைச் சுரண்டாமல் துடைத்துக்கொண்டு போகும்.

கல்லடி வாசகி

இயந்திரம் போகும் இடத்தைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள். என் வளவுக்குள் டிராக்டரும் வராது, லேண்ட்மாஸ்டரும் வராது. கிணற்றடி, குசினி வாசல், மாமரத்தடி எங்கும் இதே வண்டல். நானும் மகளும் மட்டுமே இருக்கிறோம். சட்டியில் அள்ளிச் சுமந்து இடுப்பு முறிந்துவிட்டது. பனி நாடுகளில் பெண்கள் எதை வைத்து அள்ளுகிறார்கள் என்று யாராவது சொல்வீர்களா?

இன்னொரு வேண்டுகோள். வெறுங்காலோடு இந்தச் சேற்றில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் நம் வயற்பகுதிகளில் புதியதல்ல. காலில் சிறு கீறல் இருந்தாலும் போதும். முழங்கால்வரை சப்பாத்து அணியுங்கள். இறங்குவதற்கு முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள்.

நீகாட்டாவில் இருந்தவன் (தம்பிலுவில்)

அக்கா, உங்கள் கேள்விக்கு ஜப்பானில் நல்ல விடை இருக்கிறது. நான் நான்கு மாரிகள் நீகாட்டாவில் வேலை செய்தேன். ஜப்பான் கடலிலிருந்து வரும் காற்று மலையில் முட்டி ஆளுயரத்துக்குப் பனி கொட்டும் ஊர் அது. அங்கே வீட்டுக்கு வீடு ஒரு பெரிய வாளி இருக்கும். முறம்போல வாய் அகன்று, பின்னால் வளைந்த குழாய்க் கைப்பிடி. அதைத் தூக்குவதில்லை. இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பால் உந்தி, பனிக்குள் செலுத்தி, சறுக்கவைத்தே இழுத்துப்போய்க் கவிழ்ப்பார்கள். வீட்டுத் தாய்மார் கையாளக்கூடியது என்பதால் ‘மாமாசான் டம்ப்’ என்றே அதற்குப் பெயர். நீல நிறப் பிளாஸ்ரிக் பீப்பாய் ஒன்றை நெடுக்காகப் பிளந்து, அரைக்குழாயை வளைத்துக் கைப்பிடி வைத்தால் நம்மூரிலேயே செய்யலாம். ஆனால் மேலே அண்ணன் சொன்ன நிறையை மறக்க வேண்டாம். அங்கே நிரப்பித் தள்ளுவார்கள், நீங்கள் கால்வாசிக்கு மேல் எடுக்காதீர்கள். நிலத்தில் சிறிது தண்ணீர் ஊற்றிவிட்டால் நன்றாக வழுக்கும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நீகாட்டாவில் உள்ள நகாஓகா நகரில் 1961ஆம் ஆண்டிலேயே வீதியின் நடுவில் குழாய் பதித்து, நிலத்தடி நீரைச் சிறு துளைகள் வழியாகப் பீச்சிப் பனியை உருக்கத் தொடங்கிவிட்டார்கள். நிலத்தடி நீர் மாரியிலும் இதமான சூட்டோடு இருப்பதால் பனி தங்குவதில்லை. இயந்திரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். பிள்ளை, உங்களிடம் வயலுக்கு இறைக்கும் வோட்டர்பம்ப் இருக்குமே? வண்டல் காயும் முன் நீரைப் பீச்சிக் கழுவிவிட்டால் தகடு எதற்கு?

பழைய வட்டை விதானை (மண்டூர்)

கழுவினால் எங்கே போகும்?

நீகாட்டாவில் இருந்தவன் (தம்பிலுவில்)

வடிகானுக்குள் போகும், ஐயா.

பழைய வட்டை விதானை (மண்டூர்)

அங்கேதான் பிரச்சினை, தம்பி. பனி உருகினால் தண்ணீர். வண்டலைக் கழுவினாலும் வண்டல்தான். எங்கள் பக்கத்தில் வேலைக்கு வந்த பெக்கோ ஒன்று வீதி வண்டல் முழுவதையும் பக்கத்து வடிகானுக்குள் தள்ளிவிட்டு, பார்ப்பதற்கு அழகாக முடித்துக்கொண்டு போய்விட்டது. பத்து நாள் கழித்து ஓர் இரவு மழை. வெள்ளத்தில் தப்பிய மூன்று வீடுகளுக்குள் அந்த மழையில் தண்ணீர் புகுந்தது. மாவடிப்பள்ளியிலும் கிட்டங்கியிலும் பாலத்தடியில் ஆற்றுவாழை அடைத்து நிற்கும்போது என்ன நடக்கிறது என்பதை ஒவ்வொரு மாரியிலும் பார்க்கிறோம். மதகையும் கானையும் அடைத்துவிட்டு வீதியைச் சுத்தம் செய்வதில் என்ன இருக்கிறது?

வயலுக்குள் விட்டால் நல்லதுதானே என்றும் சிலர் கேட்பார்கள். விரற்கடை அளவு மென்வண்டல் பயிருக்கு உரம். சாண் அளவு மணல் ஏறிய கண்டத்தை மீட்க இரண்டு போகம் போதாது. வேளாண்மை நிற்கும் வட்டைக்குள் எதையும் கழுவிவிடாதீர்கள்.

நீகாட்டாவில் இருந்தவன் (தம்பிலுவில்)

ஏற்றுக்கொள்கிறேன், ஐயா. நகாஓகாவிலும் அந்த முறைக்கு ஒரு விலை இருந்தது. நிலத்தடி நீரை அளவுமீறி உறிஞ்சியதில் அப்பகுதியில் நிலமே தாழ்ந்தது. பின்னர் கட்டுப்பாட்டோடு இறைக்கிறார்கள். எனவே கடைசியில் மிஞ்சும் மெல்லிய படையைக் கழுவுவதற்கு மட்டும் பம்பை வைத்துக்கொள்ளுங்கள்.

வடபனியான் (ஒன்ராறியோ)

விதானை ஐயாவின் ஒற்றை வரிக் கேள்வியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஏனெனில் இங்கேயும் மாரி தொடங்கும்போது கேட்கவேண்டிய முதற் கேள்வி அதுதான், நாங்கள் அதைக் கடைசியாகக் கேட்டுத்தான் பாடம் படித்தோம். முதல் ஆண்டு நான் பாதையின் இரு ஓரத்திலும் அளவோடு ஒதுக்கிவைத்தேன். மார்கழியில் ஒதுக்கிய பனி தை மாதத்தில் மதில்போல இறுகிவிட்டது. அடுத்துப் பெய்ததை ஒதுக்க இடமில்லாமல், என் பாதை மாசியில் மாட்டு வண்டித் தடமாகச் சுருங்கிப்போனது. இப்போது முதற் பனிக்கே பாதையைவிட இரு பக்கமும் ஒரு மீற்றர் கூடுதலாகத் தள்ளி இடம் பிடித்துவைக்கிறேன். வீதிக்குத் தள்ளவும் முடியாது; பொது வீதியில் பனியைக் கொட்டுவதை ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடைசெய்கிறது. அதே வேளை, நகரசபையின் பெரிய வாகனம் வீதியைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் வாசலில் ஓர் இறுகிய வரம்பைக் கட்டிவிட்டுப் போகும். அதை நான்தான் உடைக்க வேண்டும். இது நியாயமா என்று இங்கே கேட்காத வீடு இல்லை.

மொன்றியல் நகரம் இதை வேறு விதமாகச் செய்கிறது. வீதியோரம் ஒதுக்கிய பனியை, பெரிய வீசும் இயந்திரம் பக்கத்திலேயே ஊர்ந்து வரும் லொறிக்குள் நேராக எறிகிறது. லொறி நிரம்பியதும் அடுத்தது அதன் இடத்துக்கு வருகிறது. அவ்வளவும் ஒரு பழைய கல்லகழிக்கும் வேறு கொட்டுமிடங்களுக்கும் போகிறது. ஆர்தர் சிகார் என்ற கியூபெக்காரர் 1925இல் அந்த வீசும் இயந்திரத்தை உருவாக்கியதும் இப்படிப்பட்ட ஊர்களின் தேவைக்காகத்தான். தள்ளுவது அங்கே பாதி வேலைகூட இல்லை. ஏற்றுவதும் கொட்டுவதும்தான் செலவு. உங்கள் வண்டலும் மொன்றியல் பனியின் சாதி, தம்பி; தானாக உருகிப் போகாது. கால் கியூப் ஏற்றினாலும் லேண்ட்மாஸ்டர்ப் பெட்டியில் ஒன்றேகால் தொன் ஏறிவிடும். அந்தக் கணக்கில் 40 நடைக்குமேல் போக வேண்டும். முதலில் கொட்டும் இடத்தைத் தேடுங்கள். பிறகு, அந்த இடத்தை நோக்கி எப்படி இழுப்பது என்று தகட்டைச் செய்யுங்கள்.

படுவான்கரைப் பிள்ளை (வவுணதீவு)

கொட்டும் இடம் இருக்கிறது. ஒழுங்கையின் நடுவே, மதகுக்கு இந்தப் பக்கம், பெரியம்மாவின் வளவுக்குள் பழைய செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம் ஒன்று உண்டு. அதை நிரப்பித் தந்தால் அடுத்த ஆண்டு வீடு கட்டலாம் என்கிறார்.

பழைய வட்டை விதானை (மண்டூர்)

நிரப்புங்கள், வாழை வையுங்கள், மாட்டுப் பட்டியை உயர்த்துங்கள். வண்டலின் மேல் அத்திவாரம் மட்டும் போட வேண்டாம் என்று பெரியம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அது ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டேயிருக்கும்.

மற்றது, ஓடுகிற தண்ணீர் மிச்சமிருக்கும் எந்த வீதியிலும் பெட்டியோடு இறங்காதீர்கள். 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றிவந்த டிராக்டரை வெள்ளம் இழுத்துப்போனதை இப்பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டிராக்டர் பாரமானது, சில்லு உயரமானது என்ற துணிவில்தான் எல்லோரும் இறங்குகிறோம். பெட்டி மிதக்கத் தொடங்கிவிட்டால் அது டிராக்டரையும் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும்.

இரும்புப்பட்டறை (சம்மாந்துறை)

பிள்ளை, அளவு சொல்லுங்கள். நாளை காலையில் வெட்டுகிறேன்.

படுவான்கரைப் பிள்ளை (வவுணதீவு)

வேலை முடிந்து மூன்று நாளாகிறது. நடந்ததை எழுதுகிறேன்.

இரும்புப்பட்டறைக் காக்கா 4 அடி அகலத் தகடு செய்து தந்தார். இரு முனையும் முன்னோக்கி ஒரு சாண் மடித்திருந்ததால் சேறு பக்கவாட்டில் நழுவாமல் பெட்டிக்குள் நிற்பதுபோல நின்றது. அடியில் ரயர்ப்பட்டை, இரு புறமும் ஏற்றி இறக்கக்கூடிய இரும்புப் பாதம். சுழல் கலப்பையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பூட்டினோம்.

முதல் நாள் பெரும்பாலும் வீணானது. மேற்பரப்பு காய்ந்து பொருக்காகிவிட்டதால் தகடு அதன்மேல் ஏறிச் சறுக்கியது. விதானை ஐயாவின் வயற் பேச்சு நினைவுக்கு வர, மாலையில் பம்பால் நனைத்து, இரவு ஊறவிட்டு, விடியற்காலையில் இழுத்தோம். வித்தியாசம் உடனே தெரிந்தது. 10 சென்ரிமீற்றரையும் ஒரே இழுப்பில் எடுக்க முயன்றபோது சில்லு சுழன்று குழி பறித்தது. இரண்டு தடவையாக, பாதிப் பாதியாக எடுத்தபோது வண்டி முனகாமல் வந்தது. இழுத்ததைப் பள்ளத்துக்கு அருகே ஆறு மீற்றர் இடைவெளியில் குவித்தோம். மதகுக்கு அந்தப் பக்கத்து வண்டலை மட்டும் பெட்டியில் ஏற்றவேண்டி வந்தது. 17 நடை போனோம். மிச்சத்தை இழுத்தே தள்ளி முடித்தோம். ஏற்றுவதற்கு இயந்திரம் இல்லை. நான்கு பேர் மண்வெட்டியோடு நின்றதை மறைக்க மாட்டேன்.

கிறவற் பாதியில் பாதத்தை இறக்கித் தகட்டை உயர்த்தி 2 சென்ரிமீற்றரை விட்டுவிட்டோம். பக்கத்து வீட்டார் ‘அரைகுறை வேலை’ என்றார்கள். கொங்கிறீற்றில் மிஞ்சியதைக் கழுவும்போது, வடிகானுக்கு முன்னால் வைக்கோற் கட்டு இரண்டைக் குறுக்கே போட்டு வண்டலைத் தடுத்தோம். கலங்கல் நீர் மட்டும் இறங்கியது. உடைந்தது ஒன்றே ஒன்று: சேற்றுக்குள் மறைந்திருந்த தென்னங்குற்றியில் தகடு கொளுவியபோது பூட்டிய ஆணி முறிந்தது. காக்கா அதை வேண்டுமென்றே மெல்லியதாக வைத்ததாகச் சொன்னார். கனடா அண்ணன் எழுதியதைத்தான் செய்திருக்கிறார்.

கல்லடி வாசகி

பீப்பாயைப் பிளந்து செய்த வாளியால் கிணற்றடியையும் வாசலையும் நாங்கள் இருவரே முடித்துவிட்டோம். கைப்பிடி சற்றுக் குட்டையாகிவிட்டது. செய்பவர்கள் இடுப்புயரத்துக்கு மேல் ஒரு சாண் வைத்துச் செய்யுங்கள்.

வடபனியான் (ஒன்ராறியோ)

அந்த வைக்கோற் கட்டு யோசனையை நான் எடுத்துக்கொள்கிறேன். பனியுருகும் காலத்தில் என் கிறவல் கானுக்குள் போவதை அது தடுக்கும். இன்றிரவு 20 சென்ரிமீற்றர் என்கிறார்கள். பத்து மணிக்கு ஒரு தடவையும் மூன்று மணிக்கு ஒரு தடவையும் இறங்க வேண்டும்.

இரும்புப்பட்டறை (சம்மாந்துறை)

பிள்ளை, தகட்டைக் கழுவிப் பழைய எண்ணெய் பூசி வைத்திருக்கிறீர்களா? கிரானில் ஒருவர் இரவலாகக் கேட்கிறார். அவருடைய ஒழுங்கை உங்களுடையதைவிட நீளம்.

படுவான்கரைப் பிள்ளை (வவுணதீவு)

வெள்ளிக்கிழமை பட்டறைக்கு அனுப்பிவிடுகிறேன், காக்கா. இடப்பக்கப் பாதம் தேய்ந்துபோயிருக்கிறது. அவருக்குக் கொடுக்கும் முன் மாற்றிவிடுங்கள். மெல்லிய ஆணியும் நாலைந்து சேர்த்துக் கொடுங்கள்.